ஒரு நாளைக்கு ஆறு யூனிட்

மாலை ஆறு மணிக்கு லிஃப்ட்டை நிறுத்த வேண்டும். அதற்கான சாவி மெக்கானிக்கின் சட்டைப் பையில் கிடந்தது. காலையில் குனிந்து செருப்பு மாட்டும்போதே அது நெஞ்சில் இடித்து, “இன்னைக்குத்தான்” என்று ஞாபகப்படுத்தியது.

இருபது கட்டடங்களின் லிஃப்ட்டுகள் அவன் பொறுப்பில் இருந்தன. அதில் ஒன்று அவனே குடியிருக்கும் கட்டடத்தினுடையது. மற்ற பத்தொன்பதும் பழுதானால் கம்பெனிக்குத் தலைவலி. இது பழுதானால் தலைவலி அவனுக்கு. ஏனென்றால் ஐந்தாம் மாடியில், அவன் வீட்டில், சக்கர நாற்காலியில் அவனுடைய அக்கா இருக்கிறாள்.

அம்மா அப்பா போன பிறகு அவனைப் படிக்க வைத்து ஆளாக்கியவள் அக்கா. ஒரு பஸ் விபத்தில் அவளுக்கு இரண்டு காலும் போயின. அந்த வருஷம்தான் இந்த வீட்டுக்கு வந்தார்கள். “அஞ்சாவது மாடியாடா?” என்று அவள் தயங்கியபோது, “நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இந்த லிஃப்ட் நிக்காதுக்கா” என்று மார் தட்டியவன் அவன். பதினோரு வருஷத்தில் அது சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் நின்றதில்லை.

இன்று அவன் கையாலேயே நிற்கப்போகிறது.

“பாப்பா, சாவி எடுத்துக்கிட்டாரான்னு உங்கப்பாவைக் கேளு” என்றாள் சமையலறையிலிருந்து அவன் மனைவி.

“எடுத்தாச்சுன்னு டீச்சர்கிட்ட சொல்லு.”

“ஸ்கூல்லதான் டீச்சர். இங்க அம்மா” என்று திருத்தினாள் எட்டு வயதுப் பாப்பா. மூச்சுக்கு இழுக்கிற பம்ப்பை மறக்காமல் சீருடைப் பையில் போட்டுக்கொண்டாள்.

புருஷனும் பெண்டாட்டியும் மூன்று வாரமாக இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். நடுவில் பாப்பா தபால்காரி.

சண்டையின் வேர் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. அங்கே அனல்மின் நிலையம். அதன் சாம்பல் காற்று திரும்பும்போதெல்லாம் இந்தப் பக்கம் வந்து, கொடியில் காயும் துணியிலும் குழந்தைகளின் நெஞ்சிலும் படிந்தது. ‘ஒவ்வொரு கட்டடமும் பொது மின்சாரத்தில் கால் பங்கைக் குறைத்துக் காட்டுங்கள், ஒரு புகைபோக்கியை மூடிவிடுகிறோம்’ என்று நகரசபை சொல்லிவிட்டது.

கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். உயிரியல் டீச்சரான அவன் மனைவிதான் சங்கத் தலைவி. எந்த மெஷின் இல்லாமல் நாம் வாழலாம் என்று கேட்டதும் எல்லோரும் வாரி வழங்கினார்கள், பக்கத்து வீட்டு மெஷினை. முதல் மாடிக்காரர்கள் லிஃப்ட் வீண் என்றார்கள். உடற்பயிற்சிக்குப் போகாதவர்கள் பொது ஹாலின் ஏசியை வீண் என்றார்கள். வாசலில் ஒரு கல் மீன் உண்டு, இரவும் பகலும் வாயிலிருந்து தண்ணீரைத் துப்பிக்கொண்டே இருக்கும். அதை வீண் என்று யாரோ முனகியதற்கு, அதை வைத்த பொருளாளருக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிட்டது. “அழகு வேண்டாமா ஐயா ஒரு வீட்டுக்கு?”

கடைசியில் டீச்சர் ஒரு பட்டியல் போட்டாள், எது எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று. முதல் வரியில் லிஃப்ட். லிஃப்ட்டை நிறுத்தலாமா, வேண்டாமா என்று வீட்டுக்கு ஒரு ரகசியச் சீட்டு. டீச்சர் தன் வீட்டுச் சீட்டை அக்காவிடம் கொடுத்தாள். “பாதிக்கப்படறது நீங்கதான் அண்ணி. நம்ம வீட்டு ஓட்டு உங்களோடது.”

பன்னிரண்டுக்குப் பதினொன்று. நிறுத்தலாம் என்று ஆயிற்று.

அன்று இரவு வீட்டில் மெக்கானிக் அந்தப் பட்டியலைக் கையில் வாங்கி, படிக்காமலேயே நாலாக மடித்து, கருவிப் பெட்டியின் அடியில் போட்டான். “இதைப் படிக்கிறது எனக்கு அவமானம்” என்றான். ரோஷக்காரன். அந்த ரோஷம் என்ன பாடுபடுத்தப்போகிறது என்பது அப்போது அவனுக்குத் தெரியாது.

லிஃப்ட் கீழே இறங்கியது. அக்கா நாற்காலியில், அவள் மடியில் பாப்பாவின் புத்தகப் பை.

“கீழ போற கடைசி சவாரி. டிக்கெட் எடுத்தீங்களா எல்லாரும்?” என்றாள் அக்கா.

பாப்பா சிரித்தாள். மெக்கானிக் மாடி எண்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அக்கா, நான் சொன்னதை யோசிச்சியா? தினம் காலையில தூக்கிட்டு வரேன், சாயங்காலம் தூக்கிட்டுப் போறேன். நூறு படி என்ன பெரிய விஷயம்?”

“யோசிச்சேன். கடைக்குன்னா நீ தூக்குவ. திடீர்னு தூறல் போடுது, சும்மா வாசலுக்கு வந்து நனையணும்னு தோணுது. அதுக்கு யார்டா தூக்குவா?”

கதவு திறந்துகொண்டது.

அக்காவின் கடை தரைத்தளத்தில், கல் மீனுக்கு நேர் எதிரே. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், இரண்டு ஸ்டூல். தெருவே அவளை ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடும். பிறப்புச் சான்றிதழ் நகலெடுக்க வருகிறவர்களுக்கு வாழ்த்து, இறப்புச் சான்றிதழோடு வருகிறவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர். வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களின் படிவத்தைத் தானே ஒருமுறை படித்து, “கையெழுத்து போடலையே தம்பி” என்று திருப்பிக் கொடுப்பாள். கால் போனவள் என்கிற நினைப்பு அந்தக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கும் வராது, எதிரே நிற்பவருக்கும் வராது.

மெக்கானிக் வேறு இரண்டு கட்டடங்களை முடித்துவிட்டு மதியம் திரும்பியபோது, கடை வாசலில் ஒரு வேன் நின்றது. நாலு பேர் ஜெராக்ஸ் மெஷினைப் போர்வையில் சுற்றி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“என்னக்கா இது?”

“அடுத்த தெரு ஸ்டேஷனரிக்காரர் எடுத்துக்கறார். மூடி கொஞ்சம் தூக்கினாப்ல நிக்கும், லேசா தட்டணும்னு சொல்லியிருக்கேன்.” வேனைப் பார்த்து, “அண்ணே, அதைச் சாய்க்காதீங்க, பவுடர் கொட்டும்!” என்று குரல் கொடுத்தாள்.

“அவ்வளவு அவசரமா? ஒரு மாசம் பார்த்திருக்கலாம்ல?”

“மாசம் பார்த்தா மட்டும் எனக்குக் காலு முளைக்குமா?”

கடையின் சொந்தக்காரரும் பொருளாளர்தான். கூரியர் ஆபீஸ் ஒன்றுக்கு அதைப் பேசி முடித்துவிட்டார். நாளை காலை அவர்கள் வருகிறார்கள். அக்கா ஷட்டர் சாவியை அவர் கையில் வைத்தபோது, “தியாகம்னா இதுதாம்மா, சுற்றுச்சூழலுக்காக…” என்று ஆரம்பித்தார். அக்கா அதைக் கேட்காதவள்போல் ஸ்டூலின் மேல் இருந்த தூசியைத் தட்டினாள்.

வேன் போனதும், கடைக்குள் மெஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “என்னை மேல கொண்டுபோய் விட்டுடு தம்பி. ஆறு மணிக்கு நீ பூட்டும்போது நான் பார்க்க வேண்டாம்” என்றாள்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு அவன் மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்கு ஏறினான். மோட்டார் சும்மா இருந்தது. அதன் மேல் கை வைத்தான். சூடு பெரிதாக இல்லை. பதினோரு வருஷமாக அதற்கு எண்ணெய் போட்டு, துடைத்து, பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்திருக்கிறான். யார் கேட்டாலும் அதன் பெருமையைப் பீற்றாமல் இருக்க மாட்டான்.

மூடும்போது நிரப்ப வேண்டிய படிவம் ஒன்றைக் கம்பெனி கொடுத்திருந்தது. மோட்டார் எண், கயிற்றின் நிலை, பிரேக்கின் நிலை எல்லாம் எழுதினான். கடைசிக் கட்டத்தில் ‘நாள் ஒன்றுக்குச் சராசரி மின்செலவு’ என்றிருந்தது. போன வருஷம் கண்ட்ரோல் போர்டை மாற்றியபோது கம்பெனிக்காரர்கள் லிஃப்ட்டுக்கென்று தனியாக ஒரு சின்ன மீட்டரைப் பொருத்திவிட்டுப் போனார்கள். அதை யாரும் ஏறெடுத்தும் பார்த்ததில்லை, அவன் உட்பட. டார்ச் அடித்துப் பார்த்தான்.

இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு. சரியாக ஒரு வருஷம். செல்போனில் வகுத்தான்.

ஆறு. ஒரு நாளைக்கு ஆறு யூனிட்.

இவ்வளவுதானே இருக்கும், என்று நினைத்துக்கொண்டே எழுதினான். பெட்டிக்கு எதிரே சம எடை தொங்குகிறது. ஏறுவதும் இறங்குவதும் பாதிக்குப் பாதி தானாகவே நடக்கும். மோட்டார் சும்மா ஒரு கை கொடுக்கிறது, அதுவும் பெட்டி நகரும்போது மட்டும். பேனாவை மூடப் போனவன் நின்றான். ஆறு யூனிட்டா முதல் வரிக்கு வந்தது?

கருவிப் பெட்டியைக் கவிழ்த்தான். ஸ்பேனர்களுக்கு அடியில், கிரீஸ் கறையோடு, மூன்று வாரமாகப் படிக்காமல் வைத்த பட்டியல். பிரித்தான்.

லிஃப்ட், நூற்றுத் தொண்ணூற்றிரண்டு யூனிட். ஹால் ஏசி, நாற்பது. நீரூற்று, முப்பது. வராந்தா விளக்குகள், இருபது.

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு எங்கிருந்து வந்தது? எட்டை இருபத்துநாலால் பெருக்கினால் வரும். எட்டு?

அவனுக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் டீச்சர் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். அப்போது பேச்சுவார்த்தை இருந்தது. “ஏங்க, நம்ம லிஃப்ட் மோட்டார் எத்தனை கிலோவாட்?” என்று கேட்டாள். எதற்கென்று இவன் கேட்கவில்லை. “எட்டு! யானை மாதிரி இழுக்கும்ல?” என்றான். “நாள் பூரா ஓடுமா?” என்றாள். அதற்கும் இவன் பெருமையாக, “பின்ன? நாள் பூரா உழைக்குது. ஒரு நிமிஷம் சும்மா இருக்காது” என்றான்.

மோட்டாரின் தகட்டில் எழுதியிருக்கும் முழுச் சக்தியையும், அது இருபத்துநாலு மணி நேரமும் ஓடுவதாக ஒரு பொய்யையும் சேர்த்துக் கொடுத்தவன் அவன். அவள் பெருக்கல் மட்டும்தான் போட்டாள். கூட்டத்தன்றும் அவன் இல்லை, வேறு கட்டடத்தில் மாட்டிக்கொண்ட இரண்டு பேரை வெளியே எடுக்கப் போயிருந்தான். பட்டியலை ஒரு தடவை பிரித்துப் பார்த்திருந்தால் போதும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு.

மறுபடி கூட்டினான். ஆறும் நாற்பதும் முப்பதும் இருபதும் தொண்ணூற்றாறு. கால் பங்கு என்றால் இருபத்துநாலு. அந்தக் கல் மீன் ஒன்றை நிறுத்தியிருந்தாலே முடிந்திருக்கும்.

படிகளில் தடதடவென்று இறங்கி வீட்டுக்குள் ஓடினான்.

அக்கா ஜன்னலோரம் இருந்தாள். பாப்பா கட்டிலில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். ‘கீ கீ’ என்று மெல்லிய சத்தத்தோடு அவள் மூச்சு வந்தது.

“அக்கா, கடைச் சாவியைத் திரும்ப வாங்கிடலாம். ஒரு ஓட்டுதானே வித்தியாசம். மறுபடி ஓட்டு போடச் சொல்றேன்.”

“எதுக்குடா?”

“ஒரு ஆள் மாத்திப் போட்டாப் போதும். எந்த மகாராஜன்னு தெரியலை, கண்ல மண்ணு தூவினாப்ல…”

“நான்தான்டா அது.”

அவன் கதவருகிலேயே நின்றுவிட்டான்.

“நிறுத்தலாம்னு எழுதினது நான்தான். உன்கிட்ட சொல்லிக்கலை. சொன்னா நீ குதிப்ப.” குரலைத் தாழ்த்தினாள். “இவ கூட அந்த ரூம்ல படுக்கிறது நான். இவ மூச்சு இழுக்கறப்பெல்லாம் பக்கத்துல உட்கார்ந்து கேக்கறது நான். சில நாள் அடுத்த மூச்சு வர்ற வரைக்கும் என் மூச்சு நிக்கும். கட்டடத்துலயே லிஃப்ட்தான் அதிகம் தின்னுதுன்னு பேப்பர்ல இருந்துச்சு. டீச்சரைக் கேட்டேன், கணக்கு யார் கொடுத்ததுன்னு. நீதான்னு சொன்னா. லிஃப்ட் விஷயத்துல என் தம்பி சொன்னா அதுக்கு மேல என்ன இருக்கு? கண்ணை மூடிக்கிட்டு எழுதிட்டேன்.”

சொல்லாமல் விழுங்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். இந்த ஒருத்தியிடம் அவன் இதுவரை எதையும் மறைத்ததில்லை.

“அக்கா… கணக்கு தப்புக்கா.”

“எந்தக் கணக்கு?”

“லிஃப்ட் ஆறு யூனிட்தான் தின்னுது. நூத்துத் தொண்ணூத்திரண்டு இல்லை. வெறும் ஆறு. நான்தான்… பெருமைக்கு என்னமோ உளறிட்டேன். அதை நிறுத்தினாலும் கால் பங்கு குறையாது. புகைபோக்கியும் மூடாது.”

அக்கா அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தன் வெறும் கைகளை மடியில் திருப்பிப் பார்த்தாள். அவற்றில் இன்னும் ஜெராக்ஸ் பவுடரின் கறுப்பு இருந்தது.

“அப்போ நான் சும்மாவாடா கொடுத்தேன்?” என்று கேட்டாள்.

அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நாற்பது வயது ஆம்பிளை, மகள் பார்க்கிறாள் என்றுகூட எண்ணாமல், அக்காவின் நாற்காலிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதான்.

“எழுந்திரு” என்றாள் அக்கா. “மணி ஆறாகப் போகுது. கீழ காத்துக்கிட்டிருப்பாங்க.”

கீழே பாதிக் கட்டடம் கூடியிருந்தது. லிஃப்ட் கதவில் ஒட்ட டீச்சர் ஒரு தாளைத் தயாராக வைத்திருந்தாள். ‘நம் குழந்தைகளின் காற்றுக்காக’ என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தது. பக்கத்தில் பொருளாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நின்றார். மெக்கானிக் படியிறங்கி வந்தான். லிஃப்ட்டைத் தாண்டினான். கூட்டத்தைத் தாண்டினான். கல் மீனின் பின்னால் இருந்த பெட்டியைத் திறந்து சுவிட்சை அணைத்தான்.

மீனின் வாயிலிருந்து வந்த தண்ணீர் இளைத்து, சொட்டி, நின்றது. இத்தனை வருஷம் அந்தச் சத்தம் இருந்ததே அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

“என்னய்யா அக்கிரமம் இது!” என்று பொருளாளர் கத்தினார்.

மெக்கானிக் மனைவியின் எதிரே போய் நின்றான். மூன்று வாரத்துக்குப் பிறகு நேராக அவளிடம் பேசினான்.

“கணக்கு தப்பும்மா. உன் தப்பு இல்லை, என் தப்பு. எட்டு கிலோவாட்டுன்னு உன்கிட்ட பெருமையடிச்சேன் பாரு, அதுதான். மீட்டர்ல ஒரு நாளைக்கு ஆறு யூனிட்தான் காட்டுது. இந்த மீன் முப்பது குடிக்குது.”

டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், யாரோ “நல்லா நடத்தினாங்கய்யா கூட்டம்” என்றார்கள். அவள் கையிலிருந்த தாளை மெதுவாக மடித்தாள்.

“அண்ணி என்ன எழுதினாங்க சீட்டுல?” என்று அவனை மட்டும் கேட்டாள்.

அவன் முகத்தைப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டாள். கண்ணை இறுக மூடித் திறந்தாள். பிறகு பொருளாளர் பக்கம் திரும்பினாள்.

“சார், பொது மீட்டர் பில்லெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு? ஒரு நாளைக்கு மொத்தமே நூறு யூனிட்டுக்குள்ளதான் வருதுன்னு உங்களுக்கு மாசா மாசம் தெரிஞ்சிருக்குமே?”

பொருளாளர் நின்றுபோன மீனைப் பார்த்தார், ஷட்டர் இறக்கிய கடையைப் பார்த்தார். டீச்சரை மட்டும் பார்க்கவில்லை.

மெக்கானிக் அந்தப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. லிஃப்ட்டில் ஏறி ஐந்தை அழுத்தினான். கதவு மூடும்போது, டீச்சர் லிஃப்ட் பக்கம் வராமல் படிக்கட்டின் முதல் படியில் கால் வைப்பது தெரிந்தது.

மேலே கதவு திறந்தது. வீட்டு வாசலிலேயே நாற்காலியில் அக்கா. மடியில் பாப்பா தலை வைத்து, ‘கீ கீ’ என்று இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகை அக்காவின் கை நீவிக்கொண்டே இருந்தது.

“அக்கா, நிறுத்தலை. ஓடுது பார். எப்பவும் ஓடும்.” கதவு மூடாமல் முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு குழந்தையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டான். “வா. கீழ போய்ட்டு வரலாம்.”

அக்கா லிஃப்ட்டின் வெளிச்சத்தைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

“கீழ எனக்கு என்னடா இருக்கு?” என்றாள்.